நண்பர்கள் செட்டாக ஜப்பான் சுற்றுலா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டிலிருந்து ஏழெட்டு நண்பர்கள் சேர்ந்து முதன்முறையாக ஜப்பான் கிளம்புகிறவர்களுக்கு இது. வழக்கமான பாதை டோக்கியோ, ஃபுஜி அல்லது ஹகோனே பக்கம், கியோட்டோ, நாரா, ஒசாகா. எட்டு முதல் பத்து நாள். அங்கே நம்மவர்கள் திகைத்துப்போகும் இடங்களைக் கவனித்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். அந்த ஊரின் ரயில், சாப்பாட்டுக்கடை, ஓட்டல் அறை எல்லாமே ஒருவர் இருவராக, சத்தமில்லாமல் வந்து போகிறவர்களை மனத்தில் வைத்து அமைத்தவை. எட்டுப் பேராகவே சேர்ந்து திரிந்தால் போகிற இடமெல்லாம் முட்டும். சின்னச் சின்னக் குழுவாகப் பிரிந்து, சாயங்காலம் கூடினால் பாதித் தொல்லை வராது. கீழே உள்ள பல பதில்கள் இதில்தான் வந்து நிற்கும்.

எத்தனை பேர் போனால் சரியாக இருக்கும்?

நான்கு. இல்லையென்றால் எட்டு. சாதாரண டாக்சியில் நால்வர்தான் ஏற முடியும். ஐந்தாவது ஆளை மடியில் உட்காரவைத்துப் போகலாமா என்று கேட்டால் டிரைவர் வண்டியை எடுக்கவே மாட்டார். ஓட்டல் அறைகள் இருவருக்கானவை. மூன்று கட்டில் போட்ட அறை குறைவு. அதனால் ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் போனால் யாராவது ஒருவர் தனி அறைக்குக் காசு கட்ட வேண்டிவரும். யார் அது, கூடுதல் செலவை எல்லோரும் பகிர்வதா என்பதை முன்பதிவுக்கு முன்பே பேசி முடியுங்கள்.

எட்டுப் பேர் என்றால் நான்கு நான்காக இரண்டு அணி. ஒவ்வொரு அணியிலும் இணையம் உள்ள போன் குறைந்தது இரண்டு, ஓட்டல் முகவரி ஜப்பானிய எழுத்தில், கொஞ்சம் ரொக்கம். இவை மூன்றும் ஒரே ஆளிடம் மட்டும் இருந்தால் அது அணியாகாது.

எந்த மாதம் போகலாம்?

சகுரா எனும் செர்ரி மலர் பூப்பது டோக்கியோவிலும் கியோட்டோவிலும் மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம். இலை சிவப்பது கியோட்டோவில் நவம்பர் பிற்பாதி. இரண்டும் அழகு, இரண்டும் நெரிசல், இரண்டிலும் அறை வாடகை ஏறும்.

நம் ஊர்க் கோடை விடுமுறையில் போகிறவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அவர்களுக்குத் தொடர் விடுமுறை, ‘கோல்டன் வீக்’. நாடே ரயிலில் இருக்கும். அது முடிந்த மறுவாரத்திலிருந்து மே கடைசி வரை நல்ல பருவம். ஜூன் முதல் ஜூலை நடுவரை மழை. ஜூலை, ஆகஸ்ட் புழுக்கம் சென்னைக்குக் குறைந்ததல்ல. அந்த வெயிலில் நாள் முழுக்க நடக்கவும் வேண்டும்.

விசாவுக்கு எல்லோரும் சேர்ந்து விண்ணப்பித்தால் சேர்ந்தே கிடைக்குமா?

சேர்ந்து கொடுக்கலாம். ஆனால் ஒவ்வொருவரின் விண்ணப்பமும் தனித்தனியாகத்தான் பார்க்கப்படும். வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல், வேலைச் சான்று, பயணத்திட்டம் எல்லாம் ஆளாளுக்குத் தனி. எட்டுப் பேரின் பயணத்திட்டத்திலும் தேதியும் ஓட்டல் பெயரும் ஒத்துப்போக வேண்டும். ஒருவர் தாளில் மட்டும் பழைய திட்டம் இருந்தால் கேள்வி வரும். ஒருவருக்கு மறுக்கப்பட்டால் என்ன செய்வது என்று முதலிலேயே பேசிவைத்து, ரத்து செய்யக்கூடிய அறைகளாகப் பதிவு செய்வது நல்லது.

2024 ஏப்ரல் முதல் இந்தியர்களுக்குச் சுற்றுலா விசா மின்விசாவாக வருகிறது. விசா விண்ணப்பம் வாங்கும் விஎஃப்எஸ் மையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் இருக்காது. விமான நிலையத்தில் போனில், இணைய இணைப்போடு, அந்த விசா அறிவிப்பை நேரடியாகத் திறந்து காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டும் பிரின்ட் அவுட்டும் செல்லாது. அதனால் இறங்கியதும் வேலை செய்யும்படி இ-சிம் அல்லது ரோமிங் ஒவ்வொருவர் போனிலும் தயாராக இருக்கட்டும். ‘விசிட் ஜப்பான் வெப்’ தளத்தில் குடியேற்றம், சுங்கம் இரண்டுக்கும் முன்பே விவரம் நிரப்பிக்கொண்டால் வரிசையில் நின்றுகொண்டு படிவம் எழுத வேண்டியதில்லை.

டூர் கம்பெனி வழியாகவா, நாமே ஏற்பாடு செய்வதா?

நான்கு பேர் இளவட்டம் என்றால் நாமே செய்யலாம். பெற்றோர் வயதுள்ளவர்களும் சுத்த சைவமும் கலந்த குழு என்றால் டூர் கம்பெனிதான் நிம்மதி. பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை: ஓட்டலின் பெயர் என்ன, பக்கத்து ரயில் நிலையம் நடந்து எத்தனை நிமிடம், இந்தியச் சாப்பாடு எத்தனை வேளை, எந்த நாள் மாலை சொந்த நேரம். ‘டோக்கியோ ஓட்டல்’ என்று சொல்லிவிட்டு நரிதா விமான நிலையத்துப் பக்கம் தங்கவைத்தால், நகரத்துக்குள் வரவே ஒரு மணி நேரம் ஆகும்.

பஸ் டிரைவருக்கு அங்கே சட்டப்படி வேலை நேர வரம்பு உண்டு. ‘போகிற வழியில் இன்னும் ஒரு இடம் மட்டும்’ என்று கெஞ்சினாலும் வண்டி திரும்பாது. டிரைவர்மேல் கோபப்படுவது நியாயமில்லை. காலையில் அரை மணி தாமதமாகக் கிளம்பினால் அது கடைசி இடத்தைத்தான் விழுங்கும்.

பேக்கேஜ் விலையோடு டிசிஎஸ் என்று முன்கூட்டியே பிடிக்கும் வரியை வருமான வரித் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம். ரசீதை ஒவ்வொருவர் பான் எண்ணிலும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். ஒரே ஆள் எல்லோருக்கும் சேர்த்துக் கட்டினால் வரவும் அவர் கணக்கில்தான் நிற்கும்.

பொடி, ஊறுகாய், மருந்து எடுத்துப்போகலாமா?

பருப்புப்பொடி, இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, முறுக்கு போகலாம். கோழி ஊறுகாய், மட்டன் தொக்கு, சிக்கன் மசாலா நூடுல்ஸ் எதுவும் கூடாது. இறைச்சி கலந்த பொருளுக்கு அங்கே கட்டுப்பாடு மிகக் கடுமை. பறிமுதலோடு நிற்காமல் அபராதம், சிறை வரை சட்டத்தில் இடமுண்டு. பச்சைக் கறிவேப்பிலை, பச்சை மிளகாய், மாம்பழம், அரிசி, பருப்பு ஆகியவற்றுக்குத் தாவரச் சான்று கேட்பார்கள், சிலவற்றுக்குத் தடையே உண்டு. வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் ஒரு மாத அளவு வரை, டாக்டர் சீட்டோடு கொண்டுபோகலாம். கவனிக்க வேண்டியது சளி மாத்திரை. சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்து தடை. கோடின் கலந்த இருமல் சிரப்பிலும் சிக்கல் வரும். அட்டையின் பின்பக்கம் படித்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.

மின்சாரக் குக்கர் எடுத்துப்போய் அறையில் சாதம் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் குக்கரையும் கெட்டிலையும் செருகினால் ஐந்தில் ஒரு பங்கு சூடுதான் வரும். அரிசி ஊறிக்கிடக்குமே தவிர வேகாது. அறையில் சமைக்கவும் அனுமதியில்லை, ஊதுபத்தியும் கூடாது, புகை உணரும் கருவி அலறும். போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர் பிரச்சினையில்லை. தட்டையான இரண்டு முனை உள்ள அடாப்டர் மட்டும் போதும்.

சாதத்துக்கு வேறு வழி உண்டு. சூப்பர் மார்க்கெட்டிலும் கொன்பினி எனப்படும் 24 மணி நேரக் கடைகளிலும் வெந்த சாதம் 200 கிராம் டப்பாவாகக் கிடைக்கும், ஒன்று 150 யென் முதல் 200 யென் வரை. மூடியை ஓரத்தில் கொஞ்சம் பிரித்து மைக்ரோவேவில் இரண்டு நிமிடம். பெரும்பாலும் ஓட்டல் வராந்தாவிலோ கீழ்த்தளத்திலோ ஒரு மைக்ரோவேவ் இருக்கும். இந்த அரிசி பசைத்தன்மை உள்ளது. பொடி உதிரியாகக் கலக்காது, கட்டி தட்டும். ஒரு டப்பாவுக்கு இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெயை முதலில் விட்டுப் பிசறி, பிறகு பொடி போட்டால் சரியாக வரும்.

‘வெஜிடேரியன்’ என்று சொன்னால் போதாதா?

போதாது. ஜப்பான் பயணத்தில் நம்மவர்களை அதிகம் வருத்துவது இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ஜப்பானியச் சமையலின் அடித்தளம் ‘தாஷி’ என்கிற சாறு. கடற்பாசியோடு, காயவைத்துச் சீவிய கட்சுஓ மீனைப் போட்டு எடுப்பது. மிசோ சூப், உடோன், சோபா நூடுல்ஸ், தெம்புரா எனும் பஜ்ஜிக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, முட்டைச் சுருள், வேகவைத்த காய்கறி எல்லாவற்றிலும் இது உண்டு. சமைப்பவருக்கு அது மீனாகத் தெரியாது. நமக்கு உப்பு, புளி மாதிரி அவர்களுக்கு அது. ‘மீன் இல்லையே’ என்று அவர் சொல்வது பொய்யல்ல, தட்டில் மீன் துண்டு இல்லை என்ற பொருளில் சொல்கிறார். ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் மாட்டுத்துண்டை எடுத்துவிட்டு ஹாம் சேர்த்துக் கொடுக்கும் கடைகளும் உண்டு.

மாட்டிறைச்சி மட்டும் தவிர்க்கிறவர்களும் கவனமாக இருக்க வேண்டும். ஜப்பானியக் கறிச் சோற்றின் குழம்புக்கட்டியில் பெரும்பாலும் மாட்டுக்கொழுப்பு இருக்கும், ‘காய்கறிக் கறி’ என்று பெயர் இருந்தாலும். ராமென் நூடுல்ஸின் சாறு பன்றி எலும்பிலோ கோழியிலோ கொதித்தது. குளிர்ந்த தோஃபுவின் மேலேயும் மீன் சீவலைத் தூவிக் கொடுப்பார்கள். ஒகோனோமியாகி அடைமேல் சூட்டில் நெளிகிற பழுப்புச் சீவலும் அதுவே.

கடையில் உட்காரும் முன், வாசலிலேயே கேட்க வேண்டிய வாக்கியம்: ‘நிகு மோ சகானா மோ தாபெராரெமாசென். கட்சுஓ தாஷி மோ தாபெராரெமாசென்.’ இறைச்சியும் மீனும் சாப்பிட முடியாது, மீன் சாறும் கூடாது என்பது அதன் பொருள். இதையே ஜப்பானிய எழுத்தில் ஒரு அட்டையில் அச்சிட்டு ஒவ்வொரு அணியிடமும் வைத்திருங்கள். முட்டையும் கூடாதென்றால் ‘தமாகோ’ என்பதையும் சேர்க்கவும். ‘அலர்ஜி’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அலர்ஜி என்றால் பாத்திரம், எண்ணெய் வரை பிரிக்க வேண்டிய பொறுப்பு அவர்களுக்கு வந்துவிடும். பலர் கும்பிட்டு அனுப்பிவிடுவார்கள்.

நம்பிப் போகக்கூடியவை: பௌத்தக் கோயில்களின் ‘ஷோஜின் ரியோரி’ எனப்படும் சைவச் சாப்பாடு, குறிப்பாகக் கியோட்டோவிலும் கோயா மலையிலும், முன்பதிவோடு. டோக்கியோ ரயில் நிலையத்துக்குள்ளேயே ‘டீஸ் தான்தான்’ என்கிற முழுத் தாவர ராமென் கடை. ‘கோகோ இச்சிபன்யா’ என்கிற கறிச் சோற்றுக் கடையின் கிளைகள் பலவற்றில் விலங்குப் பொருள் சேராத கறி தனியாக உண்டு; மெனுவில் அந்தப் பெயரைக் காட்டியே கேட்க வேண்டும். தோசை, சாம்பார் ஏங்குகிறவர்களுக்கு டோக்கியோவின் நிஷி-கசாய். இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழும் பகுதி. மற்ற ஊர்களில் ‘இந்தியன்’ என்று பலகை மாட்டிய கடை பலவும் நேபாளிகள் நடத்துவது. ‘நான்’ ரொட்டியும் பருப்பும் நன்றாகவே கிடைக்கும்.

கொன்பினியில் கிடைக்கும் முக்கோணச் சோற்று உருண்டையில் புளிப்பு உமே பழம் வைத்தது, கடற்பாசி வைத்தது இரண்டும் சைவம் போலத் தெரியும். சிலவற்றில் மீன் சாறு சேர்ந்திருக்கும். அலர்ஜிப் பட்டியலை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். கட்சுஓ மீன் அந்தப் பட்டியலில் வராது. போனின் மொழிபெயர்ப்புக் கேமராவை முழுச் சேர்மானத்தின் மேல் காட்டிப் படியுங்கள்.

எட்டுப் பேரும் ஒரே மேசையில் சாப்பிட முடியாதா?

பெரிய குடும்ப உணவகத்தில் முடியும். நல்ல ராமென் கடை, சுஷி கடைகளில் மொத்த இருக்கையே எட்டோ பத்தோதான் இருக்கும், அதுவும் சுவரையோ சமையற்காரரையோ பார்த்தபடி வரிசையாக. நால்வர், நால்வர் என்று பிரிந்து பக்கத்துப் பக்கத்துக் கடைக்குப் போவதே வழி. எட்டுப் பேருக்கு ராத்திரிச் சாப்பாடு சேர்ந்து வேண்டுமென்றால் முந்தின நாளே ஓட்டல் வரவேற்பில் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருப்பது அங்கே பெரிய அவமரியாதை. அந்தச் சின்னக் கடைக்கு அன்றைய பாதி வியாபாரமே போய்விடும்.

ஆளுக்கு ஒரு உணவாவது வாங்க வேண்டும். இரண்டு கிண்ணம் வாங்கி நான்கு பேர் பகிர்வதை ஏற்கமாட்டார்கள். பல கடைகளில் வாசலில் உள்ள இயந்திரத்தில் முதலில் காசு போட்டு டோக்கன் எடுத்துத்தான் உட்கார வேண்டும். இன்னொன்று, மதியச் சாப்பாட்டை இரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். இரண்டு, இரண்டரைக்கு மேல் நிறைய கடைகள் அடுப்பை அணைத்து ஐந்து மணிக்குத்தான் திறக்கும். மூன்றரை மணிக்குப் பசியோடு தெருத்தெருவாக அலைவது தமிழ்க் குழுக்களுக்கு வழக்கமாக நேர்வது.

இஸகாயா எனப்படும் மாலைக் கடைகளில் கேட்காமலேயே ஒரு சின்னக் கிண்ணம் வரும். அது இலவசம் அல்ல, ஆளுக்கு 300 முதல் 500 யென் இருக்கைக் கட்டணம். டிப்ஸ் கிடையாது, மேசையில் காசு வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று தெருவரை ஓடிவந்து கொடுப்பார்கள். சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்திவைக்காதீர்கள், குச்சியிலிருந்து குச்சிக்கு உணவைக் கைமாற்றாதீர்கள். இரண்டும் அவர்களின் இறப்புச் சடங்கோடு சேர்ந்தவை.

ரொக்கம் எவ்வளவு வேண்டும்? பொதுச் செலவை எப்படிப் பார்ப்பது?

நூறு யென் ஏறக்குறைய 55 முதல் 60 ரூபாய். கார்டு பல இடங்களில் ஓடும். கோயில் நுழைவு, சின்னக் கடை, ரயில் கார்டு நிரப்புதல் எல்லாம் ரொக்கம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 3,000 யென் கையில் இருந்தால் போதும். செவன் இலெவன் கடை ஏடிஎம்களில் வெளிநாட்டுக் கார்டு வேலை செய்யும். கிளம்புமுன் வங்கி செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிடுங்கள்.

500 யென் நாணயம் கிட்டத்தட்ட 300 ரூபாய். நாணயம்தானே என்று பையில் கொட்டிவைத்தால் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடும். காசைக் கடைக்காரர் கையில் கொடுக்காமல் முன்னால் உள்ள சின்னத் தட்டில் வையுங்கள்.

பொதுக்கணக்குக்கு ஆளுக்கு 10,000 யென் போட்டு, ஒருவர் மட்டும் கையாளட்டும். டாக்சி, நுழைவுச்சீட்டு, தண்ணீர் அதிலிருந்து. சாப்பாட்டையும் ஷாப்பிங்கையும் அதில் சேர்க்காதீர்கள். சைவக்காரரின் சோற்று உருண்டையும் இன்னொருவரின் வாக்யூ இறைச்சியும் ஒரே கணக்கில் வந்தால் மூன்றாம் நாளே முகம் மாறும்.

ரயில் பாஸ் வாங்குவதா?

2023 அக்டோபரில், ஜப்பான் ரயில்வேயில் ஏழு நாள் பயணிக்கும் ஜே.ஆர். பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென் ஆனது. டோக்கியோ–கியோட்டோ புல்லட் ரயில் ஒரு வழிக்கு 14,000 யென் சுற்றளவு. டோக்கியோவில் இறங்கி ஒசாகாவில் விமானம் ஏறும் பயணத்துக்கு அந்தப் பாஸ் நஷ்டம். பழைய வீடியோக்களைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

நகருக்குள், பணம் நிரப்பி வாசலில் தட்டிப் போகும் சுய்கா, பாஸ்மோ, இகோகா கார்டு. டோக்கியோ விமான நிலையங்களில் ‘வெல்கம் சுய்கா’ கிடைக்கும். முன்பணம் இல்லை, 28 நாள் செல்லும், மீதிப் பணம் திரும்பாது. ஆளுக்கு ஒரு கார்டு கட்டாயம், ஒன்றை இருவர் தட்ட முடியாது. ஐபோனில் சுய்காவைச் சேர்க்கலாம். நம் ஊரில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் முடியாது. டோக்கியோவில் தட்டி ஏறிக் கியோட்டோவில் தட்டி இறங்கவும் முடியாது; புல்லட் ரயிலுக்குத் தனி டிக்கெட்.

டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும்போது ‘ஈ’ எழுத்துள்ள ஜன்னல் இருக்கையில் ஃபுஜி தெரியும். மூன்று பேர் இருக்கையைத் திருப்பிப் போட்டால் ஆறு பேர் எதிரெதிரே உட்காரலாம். ஆனால் அந்த ஆறும் உங்கள் டிக்கெட்டாக இருக்க வேண்டும்.

பெரிய சூட்கேஸ்களை என்ன செய்வது?

நீளம், அகலம், உயரம் கூட்டி 160 செ.மீ. தாண்டினால் டோக்கியோ–ஒசாகா புல்லட் ரயிலில் பெட்டிக்கு இடமுள்ள இருக்கையாகப் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் 1,000 யென் தண்டம். அதைவிடப் பெரிய தொல்லை, ரயில் கியோட்டோவில் நிற்பது இரண்டு நிமிடத்துக்குள். எட்டுப் பேர், எட்டுப் பெட்டி, ஒரு கதவு. முந்தின நிலையம் தாண்டியதும் எழுந்து கதவருகே வந்துவிட வேண்டும்.

கருப்புப் பூனை முத்திரையுள்ள யமாத்தோ போன்ற கூரியர்கள் ஓட்டலிலிருந்து ஓட்டலுக்குப் பெட்டியைக் கொண்டுபோவார்கள். டோக்கியோவில் காலையில் வரவேற்பில் கொடுத்தால் மறுநாள் கியோட்டோவில் இருக்கும். ஒரு பெட்டிக்கு 2,000 முதல் 3,000 யென். ஒரு நாள் துணியைத் தோள்பையில் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களைக் கேட்டால், இந்தப் பயணத்தில் மனமுவந்து செய்ய வேண்டிய செலவு இது ஒன்றுதான். கியோட்டோ நகரப் பஸ்ஸில் பெரிய பெட்டியோடு ஏறுவது உள்ளூர்க்காரர்களுக்கு உண்மையான கஷ்டம்.

ரயிலில் நாம் பேசினால் ஏன் எல்லோரும் ஒதுங்குகிறார்கள்?

பேசுவது தப்பில்லை, குரல்தான். பெட்டிக்குள் போனில் பேசுவதில்லை, ஸ்பீக்கரில் பாட்டு, ரீல்ஸ் கூடவே கூடாது. நகர ரயிலில் சாப்பிடுவதில்லை. புல்லட் ரயிலில் சாப்பிடலாம். யாரும் வாய்திறந்து கண்டிக்கமாட்டார்கள். பக்கத்து இருக்கை காலியானால் அதுவே செய்தி. எட்டுப் பேரும் ஒரே கதவில் ஏறாமல் இரண்டு பெட்டியில் பிரிந்து ஏறினால் குரல் தானாகவே அடங்கும். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டுங்கள். காலை நெரிசலில் இளஞ்சிவப்புப் பலகை உள்ள பெட்டி பெண்களுக்கானது.

ஒருவர் மட்டும் ரயிலைத் தவறவிட்டால்?

இதற்கு முதல் நாளே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். பிளாட்பாரத்தில் விடுபட்டவர் அங்கேயே நின்று அடுத்த ரயிலில் ஏற வேண்டும். ஏறியவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி, இறங்கிய அதே கதவு எண் அருகே நிற்க வேண்டும். யாரும் திரும்பி வரக்கூடாது. இரண்டு பக்கமும் நகர்ந்தால் சந்திக்கவே மாட்டீர்கள். அடுத்த ரயில் அதே இடத்தில் நிற்கிறதா, இல்லை விரைவு வண்டியா என்று பலகையில் பார்த்து ஏறவும்.

டோக்கியோவில் ‘ஷின்ஜுகு ஸ்டேஷனில் பார்ப்போம்’ என்பது இடமாகாது. அங்கே 200-க்கும் மேற்பட்ட வாசல்கள். வாசலின் பெயரும் எண்ணும் வேண்டும்.

செருப்பைக் கழற்றுவது நமக்குப் பழக்கம்தானே?

பழக்கம்தான், ஆனாலும் படி வேறு. வாசலில் தாழ்ந்த தரையில் ஷூவைக் கழற்றி, அந்தத் தரையில் கால் படாமல் மேலே ஏற வேண்டும். உள்ளே ஸ்லிப்பர். பாய் விரித்த ததாமி அறையில் ஸ்லிப்பரும் கூடாது. கழிவறைக்குள் தனி ஸ்லிப்பர். அதை மாட்டிக்கொண்டே வெளியே வருவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. ஓட்டையில்லாத சாக்ஸ், கயிறு கட்டாத ஷூ.

கழிவறையில் தண்ணீர் இருக்குமா?

நிம்மதியாக இருங்கள். பெரும்பாலான இடங்களில் இருக்கையிலேயே தண்ணீர் பீய்ச்சும் வசதி உண்டு. உட்கார்ந்த பிறகே பொத்தானை அழுத்தவும், நிறுத்தும் பொத்தான் எது என்று முதலில் பார்த்துவைக்கவும். ஃப்ளஷ் என்று நினைத்துச் சிவப்பு அவசர பொத்தானை அழுத்தினால் ஊழியர் ஓடிவருவார். காகிதத்தைக் கோப்பையிலேயே போட வேண்டும். கை துடைக்க ஒரு துண்டுக் கைக்குட்டை எப்போதும் பையில் இருக்கட்டும். பல இடங்களில் காகிதம் வைப்பதில்லை.

ஒன்சென் வெந்நீர்க் குளத்தில் உடையில்லாமல்தான் இறங்க வேண்டுமா?

ஆம். ஆண், பெண் தனித்தனி. நீச்சல் உடை அனுமதியில்லை. நண்பர்கள் முன்னால் கூச்சம் என்பது இயல்பு. ஆளுக்கொரு நேரம் போகலாம். அல்லது ‘கஷிகிரி’ என்று கேட்டுத் தனிக் குளியலறையை 45 நிமிடமோ ஒரு மணி நேரமோ வாடகைக்கு எடுக்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் ஊருக்கு நடுவே உடையோடு உட்கார்ந்து கால் மட்டும் நனைக்கும் ‘ஆஷியு’ உண்டு. யாரையும் கிண்டல் செய்து இழுத்துப் போகாதீர்கள்.

முறை இது. நீலத் திரை ஆண்களுக்கு, சிவப்பு பெண்களுக்கு. சில விடுதிகளில் காலையில் மாற்றிவிடுவார்கள், ஒவ்வொரு முறையும் பார்த்து நுழையவும். உடையைக் கூடையில் வைத்துவிட்டுச் சின்னத் துண்டோடு உள்ளே போய், முக்காலியில் உட்கார்ந்தபடி சோப்புப் போட்டு நன்றாகக் குளிக்க வேண்டும். நுரை ஒரு சொட்டும் இல்லாமல் கழுவிய பிறகே குளத்தில் இறங்க வேண்டும். குளம் குளிப்பதற்கல்ல, ஊறுவதற்கு. துண்டு தண்ணீரில் படக்கூடாது, தலையில் வைத்துக்கொள்ளுங்கள். நீளமுடியை முடிந்துகொள்ளுங்கள். சூடு 40 முதல் 42 டிகிரி. முதல் தடவை ஐந்து நிமிடம் போதும், சட்டென்று எழுந்தால் தலைசுற்றும். குடித்துவிட்டு இறங்காதீர்கள். பச்சை குத்தியிருந்தால் பல இடங்களில் அனுமதியில்லை, சின்ன எழுத்தாக இருந்தாலும் முன்பே கேளுங்கள். போன் உள்ளே வரவே கூடாது.

குப்பைத்தொட்டியே காணோமே?

1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் விஷவாயுத் தாக்குதல் நடந்தபின் பொது இடத் தொட்டிகள் பெருமளவு எடுக்கப்பட்டன. பானம் விற்கும் இயந்திரத்தின் பக்கத்தில் உள்ளது காலி பாட்டிலுக்கு மட்டும். ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையில் சேர்த்து ஓட்டல் அறையில் போடுங்கள்.

போட்டோ எடுப்பதில் என்ன கட்டுப்பாடு?

கியோட்டோவின் கியோன் பகுதியில் தனியார் சந்துகளுக்குள் நுழைந்தால் 10,000 யென் தண்டம் என்று பலகையே உண்டு. அங்கே நடந்துபோகும் மைகோ, கெய்ஷா எனப்படும் மரபுக் கலைப் பெண்கள் வேலைக்குப் போகிறவர்கள். வழிமறித்துச் செல்ஃபி கேட்காதீர்கள். ஃபுஜிகவாகுச்சிகோ ஊரில் லாசன் என்ற ஒரு கொன்பினிக்குப் பின்னால் ஃபுஜி தெரியும் காட்சிக்காக நடுரோட்டில் நின்றார்கள், குப்பை போட்டார்கள். 2024 மே மாதம் ஊர் நிர்வாகம் கருப்பு வலைத்திரை கட்டிச் சில மாதம் மறைத்தே வைத்தது. கூட்டமாக எடுக்கும் குரூப் போட்டோதான் வழியை அதிகம் அடைக்கும். ஃபுஷிமி இனாரியின் சிவப்பு வாசல்களில் எல்லோரும் சேர்ந்து நிற்க ஆசையென்றால் காலை ஏழு மணிக்கு முன் போங்கள். நாள் முழுக்கத் திறந்திருக்கும்.

கோயில்களில் எப்படி நடந்துகொள்வது?

ஜப்பானின் சொந்த மதமான ஷிண்டோவின் ஆலயத்தில் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, ஒருமுறை குனிவார்கள். பௌத்தக் கோயிலில் கைதட்டுவதில்லை, கும்பிட்டால் போதும். கற்பூரம், தேங்காய் கூடாது. டோக்கியோவின் அசகுசா பகுதிக்குப் பக்கத்தில் மட்சுசியாமா ஷோதென் என்ற கோயில் இருக்கிறது. அங்கே வணங்கப்படும் காங்கிதென் நம் பிள்ளையாரின் ஜப்பானிய வடிவம். மூலவரைக் காட்டமாட்டார்கள். படையல் வெள்ளை முள்ளங்கி, வாசலிலேயே விற்பார்கள். அசகுசாவின் பெரிய கோயிலான சென்சோஜியின் கூட்டத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் அமைதியாகப் பார்க்கலாம்.

தினமும் எட்டுப் பேருக்குள் மனத்தாங்கல் வருகிறதே, திட்டம் எப்படிப் போடுவது?

ஒரு நாளைக்கு 15,000 முதல் 20,000 காலடி நடக்க வேண்டிய ஊர் அது. எல்லோர் காலும் ஒன்றல்ல. காலையில் ஒரு பெரிய இடம் சேர்ந்து, மதியத்துக்குமேல் அணியாகப் பிரிந்து அவரவர் விருப்பம், ராத்திரி ஏழு மணிக்கு ஓட்டலுக்குப் பக்கத்தில் சேர்க்கை. மூன்று நாளுக்கு ஒருமுறை அரைநாள் முழு ஓய்வு. புறப்படும் நேரம் எட்டு என்றால் எட்டுக்கு ஐந்து நிமிடம் முன் வரவேற்பறையில். வராதவருக்கு இடத்தின் பெயரை அனுப்பிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று முதலிலேயே ஒத்துக்கொள்ளுங்கள்.

நிலநடுக்கம் வந்தால்?

எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் அலறும். வெளியே ஓடாதீர்கள், கட்டடங்கள் அசையும்படியே கட்டப்பட்டவை. மேசைக்கடியில் தலையைக் காத்துக்கொள்ளுங்கள், லிஃப்டைத் தொடாதீர்கள். ‘சேஃப்டி டிப்ஸ்’ செயலியில் ஆங்கில எச்சரிக்கை வரும். போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 119. வைத்தியச் செலவு அதிகம். பயணக் காப்பீடு இல்லாமல் யாரையும் கூட்டிப்போகாதீர்கள்.

வரியில்லா ஷாப்பிங் எப்படி?

ஒரே கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யென்னுக்கோ அதற்கு மேலோ வாங்கினால் 10 சதவீத விற்பனை வரி கிடையாது. அசல் பாஸ்போர்ட் வேண்டும். அதை எப்போதும் உடன் வைத்திருப்பது அங்கே சட்டமும்கூட. 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது: முதலில் வரியோடு கட்டி, நாட்டைவிட்டுக் கிளம்பும்போது சுங்கத்தில் காட்டித் திரும்பப் பெற வேண்டும். நண்பர்கள் பில்லை ஒரே பாஸ்போர்ட்டில் சேர்த்துப் போட்டால், பொருளும் அந்த ஒருவரிடமே இருக்க வேண்டும். எட்டுப் பேர் வாங்கியதை அவர் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டுவதற்குள் விமானத்தில் ஏறும் நேரம் வந்துவிடும். ஆகவே அவரவர் பில், அவரவர் பாஸ்போர்ட். விமானம் கிளம்ப மூன்றரை மணி நேரம் முன்பே விமான நிலையத்துக்கு வந்துவிடுங்கள்.